சனிக்கிழமை டம்ளரில் நிலவேம்பு

எங்கள் வீட்டில் பீர் பாட்டில் கூடத்துக்கு வந்ததே கிடையாது. சமையலறையில் திறந்து, எவர்சில்வர் சொம்பில் ஊற்றி, அங்கிருந்து டம்ளரில்தான் நைனாவின் கைக்கு வரும். அப்பாவை நானும் அண்ணனும் நைனா என்றுதான் கூப்பிடுவோம். திருமுல்லைவாயிலில் எங்கள் தெரு குறுகல். வாசலில் நின்று பேசுகிற யார் கண்ணிலும் பாட்டில் படக்கூடாது என்பது அம்மா போட்ட சட்டம். டம்ளரில் இருப்பது மோர் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். அப்படி ஒருவரும் நினைத்ததாகத் தெரியவில்லை.

வாரத்தில் ஒரு நாள்தான், சனிக்கிழமை மாலை. அதற்கு நைனா ஒரு வரிசை வைத்திருந்தார். முதலில் டம்ளரின் அடியில் அரை எலுமிச்சம்பழம். அதன்மேல் பாதி வரை பீர். அதற்கப்புறம்தான் உப்பு, அதுவும் கல் உப்பு, விரல் நுனியில் நசுக்கிப் போட வேண்டும். உப்பு விழுந்ததும் நுரை குபுகுபுவென்று ஏறி விளிம்பைத் தொடும். வழியாமல் நின்றால் அந்த வாரம் நல்ல வாரம். வழிந்தால் அவருக்கு முகம் சுருங்கும். எலுமிச்சைக்கு முன்னால் பீர் ஊற்றுகிறவர்களை அவர் மனிதராகவே மதித்ததில்லை.

இதில் ஒவ்வொருவருக்கும் ஒரு சேர்மானம் இருக்கிறது என்பதை நான் பிறகு கவனித்தேன். நைனாவோடு ஆவடியில் ஒரே பட்டறையில் வேலை பார்த்தவர் பச்சை மிளகாயைக் கீறிப் போட்டுக்கொள்வார். இன்னொருவர் மாங்காய் ஊறுகாயின் எண்ணெயில் நாலு சொட்டு விடுவார். மேலே எண்ணெய் மிதக்க மிதக்கக் குடிப்பார். என் அலுவலகத்தில் பன்னீர் சோடா கலப்பவர்கள் இருக்கிறார்கள். எங்கள் மேலாளர் வடக்கே இருந்தவர், கருப்பு உப்பும் சாட் மசாலாவும் பையிலேயே கொண்டு வருவார். எனக்கு எதுவும் சேர்க்காமல் குடிக்கத்தான் பிடிக்கும். அதை நைனாவிடம் சொன்னதில்லை. நான் குடிப்பேன் என்பதையே சொன்னதில்லை.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் சூப் பொடி, சிப்ஸ் மசாலா செய்கிற ஒரு கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். எந்தச் சுவையை எது மறைக்கும் என்று கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஒரு பொருளில் இருக்கிற ஏதோ ஒன்றை எடுக்க வேண்டியிருந்தால், வாங்குகிறவருக்குத் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்போம். எடுத்த இடத்தை வேறொன்றால் நிரப்புவோம். நாக்கு பழக்கத்தைத்தான் நம்பும் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம்.

நைனாவின் கல்லீரல் வீங்கியிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். இனி ஒரு சொட்டுகூடக் கூடாது என்றும் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் நைனா செருப்பைக் கழற்றியபடியே, "வாரத்துக்கு ஒண்ணு குடிக்கிறதெல்லாம் குடியா? அவருக்கு இன்னா தெரியும்," என்றார். அம்மா அழுதாள், அப்புறம் கத்தினாள், அப்புறம் இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். எதுவும் பலிக்கவில்லை. அப்போதுதான் நான் நடுவில் புகுந்தேன்.

"நீ கடைக்குப் போவாத நைனா. நானே வாங்கியாந்து கலந்து தரேன். ஒரே ஒரு பாட்டில். சரியா?"

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பொண்ணு கையால கலந்து தரேன்னா வேணாம்னு சொல்ல முடியுமா," என்றார். அவருக்கு அது பெருமையாக இருந்தது. எனக்கு அப்போதே திட்டம் தயாராக இருந்தது.

சூப்பர் மார்க்கெட்டில் போதை இல்லாத பீர் விற்கிறார்கள். பார்லி வாசனை இருக்கும், நுரை இருக்கும், சாராயம் இருக்காது. முதல் வாரம் அசல் பீரில் அதைக் கொஞ்சமாகக் கலந்தேன். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் கூட்டினேன். அதற்குள் என்னென்ன குறைகிறது என்று எழுதி வைத்துக்கொண்டேன். கசப்பு போதவில்லை. தொண்டையில் இறங்கும்போது வருகிற சூடு இல்லை. அடிநாக்கில் ஒரு தித்திப்பு தங்குகிறது. சூட்டுக்கு மிளகையும் இஞ்சிச் சாற்றையும் சேர்த்தேன். தித்திப்பை உப்பும் எலுமிச்சையும் பார்த்துக்கொண்டன. கசப்புக்குத்தான் அலைந்தேன். பாவற்காய் வாசனை காட்டிக்கொடுத்தது. கடைசியில் அம்மாதான் டெங்குக் காய்ச்சல் பரவியபோது வாங்கி வைத்திருந்த நிலவேம்புப் பொடியை எடுத்துக் கொடுத்தாள். கஷாயம் வைத்து அதில் அரை ஸ்பூன் விட்டேன். அது சரியாக உட்கார்ந்தது.

"பொய்யெல்லாம் இல்ல. வைத்தியம்," என்று அம்மா சொன்னாள். நான் தலையாட்டினேன்.

டம்ளரில் சாராயமே இல்லாத முதல் சனிக்கிழமை, நைனா ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "மிளகு போட்டியா? ஷோக்கா கீது," என்றார். அதிலிருந்து அவருடைய வரிசையில் மிளகும் சேர்ந்துவிட்டது. பட்டறை நண்பரிடம் போனில், "எலுமிச்சை, உப்பு மட்டும் போட்டா அது பழைய மாடலு மாமே. எம்பொண்ணு ஒண்ணு கலக்குது பாரு," என்று சொன்னதைக் கேட்டேன்.

அதோடு நின்றிருந்தால் எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது. சாராயமே இல்லாமல் நைனாவுக்குப் போதை ஏறியது. டம்ளர் பாதி ஆனதும் வழக்கம்போலவே அவர் குரல் தளர்ந்தது, காலை நீட்டிக்கொண்டார், பேச ஆரம்பித்தார். மற்ற ஆறு நாளும் அவர் வாயிலிருந்து தேவைக்கு மேல் ஒரு சொல் வராது. சனிக்கிழமை டம்ளர்தான் அவருக்குப் பேசக் கிடைத்த அனுமதி. "குடிகாரன் பேச்சு, காலையில மறந்துடு," என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு எல்லாம் சொல்வார்.

அப்படி ஒரு நாள், பன்னிரண்டாவது முடித்ததும் என்னைக் கோயம்புத்தூருக்குப் படிக்க அனுப்பாததைப் பற்றிச் சொன்னார். ஊர் தூரம், பெண் பிள்ளைக்குப் பாதுகாப்பு என்று அப்போது காரணம் சொல்லியிருந்தார். "அதெல்லாம் சும்மா. நீ போய்ட்டா ஊடு காலியாயிடும்னு பயந்துட்டேன். எனக்கோசரம் உன்ன இங்கயே புடிச்சி வெச்சிட்டேன்," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நான் செத்தா அழுவியா, இல்ல சாமான் லிஸ்ட் போடுவியா?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்தார்.

"ரெண்டும்தான்," என்றேன்.

"அதான பாத்தேன்."

அவர் முழு நிதானத்தில் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. ஒருவர் கதவைச் சாத்திவிட்டதாக நினைத்து உடை மாற்றும்போது திறந்த கதவு வழியே பார்க்கிறவளைப் போல நான் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. அடுத்த சனிக்கிழமைக்காகக் காத்திருக்கவும் தொடங்கினேன். இதில் இன்னொன்றும் உண்டு. மாதக் கடைசி வெள்ளிக்கிழமைகளில் அலுவலகத்தில் எல்லோரும் சேர்ந்து பாருக்குப் போகும்போது நான் அசல் பீரைக் குடித்துவிட்டு, மறுநாள் அவருக்கு நிலவேம்பு ஊற்றிக் கொடுத்தேன்.

குடித்த நாளில் நைனா செய்யாத காரியங்கள் மூன்று. வண்டி ஓட்ட மாட்டார். பூஜை அறைக்குள் போக மாட்டார். குழந்தையைத் தொட மாட்டார். மூன்றாவதற்குக் காரணம் அவருடைய அப்பா. அவர் சாராயம் குடித்துவிட்டுத் தூக்கிக் கொஞ்சும்போது கைக்குழந்தையாக இருந்த என் அத்தையைக் கீழே போட்டுவிட்டார். அத்தைக்கு இன்றும் இடது கை முழுதாக நீளாது. நான் சின்னவளாக இருந்தபோது சனிக்கிழமை என்பது நைனா தூக்காத நாள் என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். கையை நீட்டிக்கொண்டு போனால், "நாளைக்கு," என்பார்.

அண்ணனும் அண்ணியும் எங்கள் மாடியில் குடியிருக்கிறார்கள். அண்ணிக்குப் பிரசவத்துக்கு இன்னும் நாள் இருந்தது. ஒரு சனிக்கிழமை மதியமே வலி எடுத்து, அண்ணனும் அம்மாவும் ஆவடியில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். பொய் வலியாக இருக்கும், சாயங்காலம் திரும்பிவிடுவோம் என்று அம்மா போனில் சொன்னாள். நைனா டம்ளரை முடித்துவிட்டு அடியில் கிடந்த எலுமிச்சையைச் சப்பிக்கொண்டிருந்தபோது மறுபடி போன் வந்தது. பெண் குழந்தை.

நைனா எழுந்து நின்றார், மறுபடி உட்கார்ந்தார். "நீ போய்ட்டு வா. நான் காலையில வரேன்," என்றார்.

"சும்மா பாத்துட்டாவது வரலாம், வா நைனா."

பல் தேய்த்தார், சட்டை மாற்றினார். ஆட்டோவில் ஏறியதும் ஜேபியிலிருந்து கிராம்பை எடுத்து மென்றார், ஆவடி வரும் வரை ஒன்று மாற்றி ஒன்று மென்றுகொண்டே வந்தார். இல்லாத ஒன்றின் வாடையை மறைக்க அவர் படுகிற பாட்டைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஆட்டோவிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினேன்.

மாடி வராந்தாவில் அண்ணனும் அண்ணியின் அப்பாவும் நின்றிருந்தார்கள். அவருக்கு வீடு சென்னீர்குப்பம். எதையும் சிரித்துக்கொண்டே சொல்கிற மனிதர். அம்மா உள்ளே அண்ணியோடு இருந்தாள். நர்ஸ் குழந்தையைப் பச்சைத் துணியில் சுற்றி எடுத்து வந்து, "யார் வாங்கப் போறீங்க? சீக்கிரம், உள்ள கொண்டு போகணும்," என்றார்.

அண்ணன் ஒதுங்கி வழிவிட்டான். "நைனா, நீதான் மொதல்ல வாங்கணும். வா."

நைனா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "வேணாம்டா. இன்னிக்கு வேணாம். நாளைக்கு."

அண்ணனுக்குப் புரிய ஒரு நொடி ஆனது. அண்ணியின் அப்பா மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "சம்பந்திக்கு இன்னிக்கு சனிக்கிழமை போல கீது."

"இன்னிக்குக் கூடவா நைனா?" என்றான் அண்ணன். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை.

"தேதி தள்ளித்தானேடா சொன்னாங்க," என்றார் நைனா, தரையைப் பார்த்தபடி.

"நைனா குடிக்கல," என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், நர்ஸும்கூட.

"வாசனையே சொல்லுதேம்மா," என்றார் அண்ணியின் அப்பா.

"அது போதை இல்லாத பீர். சாராயமே கிடையாது அதுல."

"அப்படி ஒண்ணு கீதா? அதைக் குடிச்சி இன்னா பண்றது?"

நைனா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். "விடும்மா," என்றார். பிறகு அவரைப் பார்த்து, "எனக்கோசரம் சொல்லுது சம்பந்தி. பொய் சொல்ற பொண்ணே இல்ல அது. எனக்கோசரம் சொல்லுது," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. என் பொய்யை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. உண்மையைத்தான் பொய் என்று பிடித்துவிட்டார்கள், அதுவும் இவ்வளவு பாசத்தோடு.

குழந்தையை அண்ணியின் அப்பா வாங்கினார். நைனா கையைப் பின்னால் கட்டியபடியே கழுத்தை மட்டும் நீட்டிப் பார்த்தார். மூச்சு படக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தார்.

வராந்தாக் கோடியில் குடிதண்ணீர் கேன் பக்கத்தில் ஒரு பெஞ்சு கிடந்தது. அங்கே வந்து உட்கார்ந்ததும் சொன்னார்: "இனிமே எனக்கோசரம் அப்படி சொல்லாத. நீ ஒண்ணு சொன்னா எல்லாரும் நம்புவாங்க. அந்தப் பேர இதுக்கெல்லாம் செலவு பண்ணாத."

அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் தோன்றியது. விடிந்தால் ஞாயிற்றுக்கிழமை, காலையில் குழந்தையைத் தூக்கிக்கொள்வார். கல்லீரலுக்கும் நல்லது. அம்மாவுக்கும் நிம்மதி. யாருக்கும் நஷ்டமில்லை. மனத்துக்குள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிப் பார்த்தேன், எல்லாம் சரியாகவே வந்தது.

அப்போது நைனா, "எங்கப்பன் மாதிரியே ஆயிட்டேன் பாரு," என்றார். "பேத்தி பொறந்தன்னிக்கு வாட அடிச்சிக்கினு வந்து நிக்கிறேன்."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. சொன்னேன். பாட்டில் எங்கே வாங்கினேன், எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினேன், மிளகு எதற்கு, இஞ்சி எதற்கு என்று வரிசையாகச் சொன்னேன். ஆய்வுக்கூடத்தில் அறிக்கை படிப்பதைப் போல வந்தது என் குரல். வேறு குரல் எனக்கு அப்போது கிடைக்கவில்லை.

"கசப்பு இருந்ததே," என்றார்.

"நிலவேம்பு."

"ஜுரக் கஷாயமா?"

"ஆமா."

"எப்பலேர்ந்து?"

"சித்திரையிலேர்ந்து."

"உங்கம்மாவுக்குத் தெரியும்." அதை அவர் கேள்வியாகக் கேட்கவில்லை. கேனிலிருந்து யாரோ தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் வாயிலிருந்த கிராம்பைக் கையில் துப்பி அதையே பார்த்தார்.

"அப்போ நான் பேசினதெல்லாம்?"

"நீ பேசினதுதான் நைனா."

அவர் எழுந்து குழாயடிக்குப் போய் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். வார்டு வாசலுக்குப் போய் அண்ணனிடம், "கொழந்தையக் கேட்டு வாங்கியா," என்றார். அண்ணன் தயங்கினான். "அது சொன்னது நெசம்தான்டா. நான் குடிக்கல. எனக்கே தெரியாம இருந்துச்சி, அவ்ளோதான்," என்றார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. குழந்தையை வாங்கியபோது அவருடைய கைகள் கொஞ்சமும் ஆடவில்லை.

அதற்கப்புறம் வந்த சனிக்கிழமை அவர் டம்ளர் கேட்கவில்லை. நானும் எடுத்து வைக்கவில்லை. கடைக்கும் போகவில்லை. கூடத்தில் டிவி பார்த்துவிட்டுச் சாப்பிட்டுப் படுத்தார். அடுத்த வாரமும் அப்படித்தான். "வாய மூடிக்கினு கீறாரு, நிம்மதி," என்று அம்மா சொன்னாள். மறுபடி எடுத்த பரிசோதனையில் வீக்கம் குறைந்திருந்தது. டாக்டர் அவர் தோளைத் தட்டினார். நான் எதற்காகத் தொடங்கினேனோ அது முழுதாக நடந்துவிட்டது. ஆனால் வாரத்தில் ஒரு நாள் பேசிக்கொண்டிருந்த மனிதர் இப்போது ஏழு நாளும் பேசுவதில்லை. அந்தக் கதவை அவர் உள்ளிருந்து தாழ் போட்டுக்கொண்டுவிட்டார். என்னிடம் கோபம் காட்டவில்லை. வேளைக்கு, "சாப்டியா," என்று கேட்கிறார். கோபப்பட்டிருந்தால் நான் அதற்கு ஏதாவது செய்திருப்பேன்.

அண்ணி பிறந்த வீட்டிலிருந்து திரும்பி வந்த பிறகு ஒரு சனிக்கிழமை. வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது சமையலறையில் இடிக்கிற சத்தம் கேட்டது. நைனா மிளகு இடித்துக்கொண்டிருந்தார். இடுப்பில் பேத்தி. மேடையில் இரண்டு டம்ளர், பிழிந்த எலுமிச்சை மூடி, கல் உப்பு ஜாடி, காலி சோடா பாட்டில்கள். பொடியை டம்ளருக்கு ஒரு சிட்டிகை போட்டு, ஒற்றைக் கையாலேயே உப்பை நசுக்கித் தூவினார். நுரை ஏறி விளிம்பில் நின்றது. ஒரு டம்ளரை என்னிடம் நீட்டினார்.

"இன்னா போட்டிருக்க நைனா?"

"குடி."

"சொல்லேன், இன்னா போட்டிருக்க?"

"நீ சொன்னியா?"

வாங்கிக் குடித்தேன். எலுமிச்சை தெரிந்தது, உப்பு தெரிந்தது, மிளகு தெரிந்தது. அவற்றுக்கு அடியில் இன்னொன்று இருந்தது, கொஞ்சம் துவர்ப்பாக. சுவை பார்த்துச் சம்பளம் வாங்குகிற எனக்கு அது என்னவென்று பிடிபடவில்லை. நாக்கில் உருட்டிப் பார்த்தேன். நைனா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை எட்டி அவருடைய டம்ளரின் விளிம்பைப் பிடிக்கப் பார்த்தது. அவர் அதைத் தள்ளி வைத்தார்.

"எப்படி கீது?"

"நல்லா இருக்கு."

"முழுசா குடி," என்றார்.

அடி வரை குடித்தேன். அவர் தன்னுடைய டம்ளரை எடுத்துக்கொண்டு, பேத்தியோடு கூடத்துக்குப் போனார். நானும் பின்னால் போய் எதிரில் உட்கார்ந்தேன். அவர் காலை நீட்டிக்கொண்டார். அன்று ஒன்றும் பேசவில்லை. நானும் எழுந்து போகவில்லை.